சாந்தாபாய் அக்கா சொல்லாத வார்த்தை

நான் பொய்ச்சாட்சி சொன்னேன். சபை நடுவில் நின்று, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண்டவரின் பெயரைச் சொல்லித் தொடங்கி, பொய் சொன்னேன்.

இதை எழுத எத்தனை வருடம் தயங்கினேன் என்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. எழுத உட்காருவேன்... 'காலம் சரியில்லை, இதை எழுதினால் நம்மை ஏசுகிறவர்கள் கையில் நாமே கல்லெடுத்துக் கொடுத்தது போல ஆகும்' என்று மனம் சொல்லும். எழுந்துவிடுவேன். காலம் சரியில்லை என்பது மெய்தான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. என்னை நல்லவன் என்று நாலு பேர் நம்புகிறார்கள். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நான் படித்தவன் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டது. செல்லூரில் ஒரு சந்துக்குள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரண்டு விசைத்தறி. துண்டு நெய்கிறோம். என் மனைவி எஸ்தர் தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுப்பாள். காலையில் எழுந்தால் ஜெபம், படுக்கும் முன் ஜெபம், வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சபை. ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடி ஹால்தான் எங்கள் சபை. என் விசுவாசம் பொய்யில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு இப்போது தகுதியில்லை... ஆனாலும் அது பொய்யில்லை.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ரெங்கண்ணே வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். கைத்தறி. வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலுக்கு வந்தால் நம் மதுரைத் தமிழ். அவர் மனைவி சாந்தாபாய் அக்கா, என்னைவிட மூத்தவர். என் தறி ஓடினால் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய படமெல்லாம் ஆடும். ஏகாதசியன்று சாயங்காலம் அங்கே பஜனை நடக்கும். அன்று நான் மோட்டாரை நிறுத்திவிடுவேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டால் அக்கா டி.வி.யைக் குறைத்துவிடுவார். யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடில்லை.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க வரும்போது எங்கள் தெருமுனையில் அவர்கள் சமூகத்துப் பெரியவர்கள் பந்தல் போடுவார்கள். நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். பானகம் அக்காவின் கைவேலை. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த வருடத்திலிருந்து அவர்தான். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் இடித்துப் போட்டு, பெரிய அண்டாவில் கலக்கிக்கொண்டே இருப்பார். தண்ணீர்க் குடம் சுமப்பது நான்.

சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். வெயிலில் நடந்து வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் ஆண்டவருக்கு என்ன வருத்தம் இருக்கும் என்று பாஸ்டரிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

பெருமாளுக்குக் காட்டுகிற வரைக்கும் அந்தப் பானகத்தை அவர்கள் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். காட்டி முடிந்ததும் முதல் டம்ளரை அக்கா என்னிடம் நீட்டுவார்.

"எங்க ஆளுக பிரசாதம்னு கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சிருவாக தம்பி. நீங்கதான் உண்மையச் சொல்லுவீக. இனிப்பு கூடவா, கொறையவா?"

நான் குடித்துப் பார்த்து, ஒரு வருடம் கூட என்பேன், ஒரு வருடம் குறைய என்பேன். உடனே வெல்லமோ தண்ணீரோ சேர்ப்பார். என் நாக்கை அந்த அம்மா அவ்வளவு நம்பினார்... என் நாக்கை!

ஒரு மழைக்காலத்தில் ரெங்கண்ணனுக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எஸ்தர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப் போயிருந்தது.

"எங்க பெருமாள்கிட்டச் சொல்லிட்டேன் தம்பி. உங்க சாமிகிட்ட நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

கட்டில் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி, மெதுவான குரலில் ஜெபித்தேன். மனதாரத்தான் ஜெபித்தேன். அந்த நேரத்திலேயே நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றினார். டாக்டர்கள் ரத்தம் ஏற்றினார்கள். நாள்பட எண்ணிக்கை கூடியது. அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் பார்க்கப் போனபோது, "ரெண்டு சாமியும் பேசி வச்சுக்கிட்டு என்னையத் தொரத்தி விட்டுருச்சுகப்பா, அங்கிட்டும் எடமில்லையாம்" என்று சொல்லிச் சிரித்தார். அக்கா காபி கொடுத்தார். "உங்க சாமிக்கும் ஒரு கும்பிடு" என்றார்.

நடந்தது இதுதான். இதற்குமேல் ஒரு எழுத்துக்கூட நடக்கவில்லை.

எங்கள் சபையில் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு. ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது, காய்ச்சல் போனது, குடித்துக்கொண்டிருந்த மகன் திருந்தினான்... சொல்லச் சொல்லக் கேட்கிறவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். கேட்பவருக்குப் பலம், சொல்பவருக்கும் பலம். நல்ல வழக்கம்தான். அதை நான் அசிங்கப்படுத்தினேன்.

அண்ணன் வீடு திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் ஒரு சகோதரி எழுந்தாள். கட்டி கரைந்துபோன கதை. ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. அடுத்து நான். நேராகத்தான் ஆரம்பித்தேன்... பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தார், ஜெபித்தோம் என்று. ஒருவரும் நிமிரவில்லை. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அப்போது நாக்கு வழுக்கியது.

டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றேன். இரண்டு பேர் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நெற்றியில் கை வைத்தேன், வைத்த நொடியில் கண்ணைத் திறந்தார் என்றேன். சத்தம் கூடியது. அந்தச் சத்தம்... அதை எப்படிச் சொல்ல? பசித்தவன் முன்னால் இலை போட்டது போல இருந்தது. பரம்பரையாகப் பெருமாளைக் கும்பிட்ட சாந்தாபாய் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், 'இனிமே உங்க இயேசுதான் எங்க தெய்வம்' என்று சொன்னார்கள் என்றேன்.

பெயரையும் சொன்னேன். தெருவையும் சொன்னேன். பெயர் சொன்னால்தானே நம்புவார்கள்!

பக்கத்தில் எஸ்தர் மட்டும் கை தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா எப்பங்க அப்பிடிச் சொன்னாக?"

"மனசுக்குள்ள சொல்லியிருப்பாக" என்றேன்.

அவள் எட்டி நடந்து முன்னால் போய்விட்டாள்.

ஏன் சொன்னேன்? ஆண்டவருக்கு மகிமை சேர்க்கவா? அவருக்கு என் பொய்யா குறைச்சல்? ஒருவேளை அக்கா அப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஆசை இருந்ததா? இருந்தது. அது பாவமா என்று எனக்குத் தெரியாது. சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னது பாவம். அது தெரியும்.

சபையில் ஆராதனையை வீடியோ எடுத்து போனில் போடுவார்கள். என் சாட்சியும் போனது. ரொம்ப நாள் அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு காலம் மாறியது. உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் கொடி ஏறியது. டீக்கடைப் பேச்சு மாறியது. "என்னா மோசஸ் அண்ணே, ஆளச் சேத்தா தலைக்கு எம்புட்டு வருது உங்களுக்கு?" என்று முன்பும் கேலி பண்ணுவார்கள், நானும் "உன் தலைக்குக் கேட்டேன் மாப்ள, காலித் தலைக்குக் கெடையாதுன்னுட்டாக" என்பேன், எல்லாரும் சிரிப்போம். இப்போது அதே ஆள் அதையே கேட்டுவிட்டுச் சிரிக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தார்கள். ஹால் சொந்தக்காரர் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார்.

சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால் என் சாட்சியின் கடைசித் துண்டு மட்டும் தெருவிலுள்ள எல்லா போனுக்கும் வந்தது. நான் மைக்கோடு நிற்கிறேன். 'இனிமே உங்க இயேசுதான் எங்க தெய்வம்' என்று சாந்தாபாய் அக்கா சொன்னதாகச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் சபை மாடிக்கு ஏறி வந்தது. ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிப் படியில் போட்டார்கள். பாஸ்டர் சட்டை கிழிந்தது. எனக்கு ஒரு அறை விழுந்து கண்ணாடி உடைந்தது. பெண்கள் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார்கள். அது அநியாயம். ஜெபிக்க வந்தவர்களை அடித்தது அநியாயம்தான். என் பொய் அதை நியாயமாக்கிவிடாது.

ஆனால் அதே வாரம் இன்னொரு வாசலுக்கும் ஆட்கள் போனார்கள். பந்தல் பெரியவர்கள் ரெங்கண்ணே வீட்டுக்குப் போய், இந்த வருடம் பானகத்துக்கு அக்கா வர வேண்டாம் என்று சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். நீங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். உள்ளே போகுமுன் பாஸ்டர் என் காதருகே வந்தார். "பிரதர், என்ன கேட்டாலும் பதில் பேசாதீங்க. சிலுவைக்கு முன்னால தேசாதிபதி விசாரிச்சப்ப ஆண்டவரும் அமைதியாத்தான் நின்னாரு." நல்ல எண்ணத்தில் சொன்னார். அவர் என் சாட்சியை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

எங்கள் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் பந்தல் பெரியவர்கள், ரெங்கண்ணே, அக்கா. அதிகாரி களைத்துப் போயிருந்தார்.

"ஏங்க, இந்தம்மா அப்படிச் சொன்னாங்களா இல்லையா? ஆமா, இல்ல, ஒரு வார்த்த. சொல்லிட்டீங்கன்னா எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

நான் தலை குனிந்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை அந்த முகத்தில். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இனிப்பு கூடவா கொறையவான்னு கேட்டா பட்டுனு சொல்லுவீகள்ல. அது மாதிரி இதையும் சொல்லிருங்க. நான் அப்பிடிச் சொன்னேனா?"

இல்லை என்று ஒரு சொல்! என் தொண்டை வரை வந்தது. வந்ததும் கூடவே கணக்கும் வந்தது. இல்லை என்றால் அந்த நொடியே வெளியே போய்விடும்... 'இவர்கள் சொல்கிற சாட்சியெல்லாம் இப்படித்தான்' என்பார்கள். அடி வாங்கின சபையைப் பார்த்து ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும். பாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லையாம் நான்!

உதட்டை அசைத்தேன். ஜெபிப்பவன் போல.

ஆனால் நான் ஜெபிக்கவில்லை. அந்த உதட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஆண்டவர் குற்றமில்லாமல் நின்று மௌனமாக இருந்தார். நான் அந்த மௌனத்தைத் திருடி என் குற்றத்துக்குப் போர்த்திக்கொண்டேன். அந்த அறை அதை 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதன் பிறகு அவருடைய ஆட்கள் ஒரு வழி சொன்னார்கள். பெருமாள் சந்நிதியில் நின்று, 'நான் மதம் மாறவில்லை' என்று சத்தியம் பண்ணினால் போதும், பழையபடி அண்டாவைக் கொடுத்துவிடுகிறோம் என்று. அக்கா மறுத்துவிட்டார். செய்யாததற்கு எதற்குச் சத்தியம், இத்தனை வருடம் நான் கும்பிட்டதைப் பெருமாள் பார்க்கவில்லையா என்று கேட்டாராம். இதை எஸ்தர்தான் தெருவில் கேட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தார் சுற்ற உட்கார்ந்தாள்.

ஒரு சத்தியம் பண்ண மறுத்து அந்த அம்மா எல்லாவற்றையும் இழந்தார். யாரும் கேட்காமலே சாட்சி சொன்ன நான் எதையும் இழக்கவில்லை. எங்களில் யார் தன் தெய்வத்துக்கு உண்மையாக நடந்தது? நீங்களே சொல்லுங்கள்...

அழகர் வந்தார். தெருமுனையில் வேறு யாரோ பானகம் கலக்கினார்கள். ரெங்கண்ணே வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. நான் குடம் தூக்கப் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

அடுத்த சித்திரைக்குள் அவர்கள் பரமக்குடிக்குப் போய்விட்டார்கள். அண்ணனின் தங்கை அங்கே இருந்தார். தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். அன்று ஏகாதசி. நான் மோட்டாரை நிறுத்தவில்லை. இரண்டு தறியையும் ஓடவிட்டு உள்ளேயே இருந்தேன். வண்டி கிளம்பும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது.

சபையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். விசுவாசத்துக்காக அடி வாங்கியவன்! பசுமலைப் பக்கம் ஒரு ஜெப வீட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போனேன். கிராமத்துக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே...

திருவாதவூரில் ஒரு கூட்டம். வயல் வேலை முடித்து, குளித்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்த ஜனங்கள். நான் பேசுவதற்கு முன்னாலேயே ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொணக்கெடங்குல கெடந்த மனுசன எழுப்புனது நீங்கதானய்யா? எங்க ஊரு பூராம் தெரியும்."

என் பொய் எனக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போயிருந்தது. வழியில் வளர்ந்தும் இருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இல்லையம்மா, அவர் சாகவே இல்லை, டாக்டர்கள் பார்த்துப் பிழைத்தார் என்று சொல்வது. அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். "ஆண்டவருக்கே மகிமை" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

ஒரு நாள் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நாங்க அம்புட்டுப் பேரும் அடி வாங்குனது எதுக்கு பிரதர்?" என்று கேட்டார். பிறகு, இப்போது வெளியே சொன்னால் மற்ற சபைகளையும் இதை வைத்தே அடிப்பார்கள், தேர்தல் முடியட்டும் என்றார். அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சட்டை கிழிந்ததை நான் பார்த்தவன். தேர்தல் முடிந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் முடிந்தது.

எஸ்தர்தான் பரமக்குடிக்குப் போகலாம் என்றாள். போனோம்.

அக்கா கதவைத் திறந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டதும் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும். சொல்லி முடிக்குமுன் உள்ளே தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது. ரெங்கண்ணே வெளியே வரவில்லை.

"நீங்க ஜெபம் பண்ணுனது நெசம்" என்றார் அக்கா. "நாந்தான் கேட்டேன். அன்னிக்கு நீங்க கண்ண மூடி நின்னப்ப எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு. அதுவும் நெசம். இப்ப அத வெளியில சொல்ல முடியல. சொன்னா, அப்ப மத்ததும் உண்மைதானேம்பாக."

செல்லூருக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்றதுன்னா சொல்லுங்க. எனக்காகச் சொல்ல வேணாம். நாங்க அங்க திரும்பி வரப் போறதில்ல."

அந்தப் பேச்சு முழுக்க ஒருமுறைகூட அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

வந்து பந்தல் பெரியவர்களிடம் சொன்னேன். ஒருவர், இப்போது எதற்கு இதெல்லாம் என்றார். இன்னொருவர், இப்படிச் சொல்லச் சொல்லி உன்னை யார் அனுப்பியது என்று கேட்டார். சபையில் எழுந்து சொன்னேன். சிலர் அழுதார்கள், மிரட்டிச் சொல்ல வைத்துவிட்டார்கள் என்று நினைத்து அழுதார்கள். ஒருவன் ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் அவன் உண்மைக்கு யார் வாசல் திறப்பார்கள்?

இன்றும் ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறேன். சாட்சி நேரம் வந்தால் எழுந்து வெளியே வந்து படியில் கிடக்கும் செருப்புகளை அடுக்குகிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. எங்களை வெறுக்கிறவராக இருந்தால், அந்த மாடியில் அடிபட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை; சொன்னவன் நான் ஒருவன்தான். எங்களோடு ஜெபிக்கிறவராக இருந்தால், இதை மனந்திரும்பின ஒருவனின் சாட்சியாக்கி மேடையில் வைத்துவிடாதீர்கள். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம்... கேட்டால் மறுபடியும் பிடித்துவிடும்.

பிறருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது இருக்கிறபடியே சொல்லுங்கள். என் குற்றத்தைக் குறைக்காதீர்கள், அக்கா சொன்னதில் எதையும் கூட்டாதீர்கள். அவர் காலில் நான் விழுந்தேன் என்று சொல்லாதீர்கள், நான் விழவில்லை. அவர் அழுதார் என்று சொல்லாதீர்கள், அழவில்லை. மன்னித்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையையும் அவர் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எதுவும் கேட்கவில்லை.